சுவரில் சிவப்புப் புள்ளிகள்

"செவுத்துல அது என்னங்க செவப்பா? கரையானா?"

வளைகுடாவில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இப்படிக் கேட்டார். அவர் விரல் நீட்டிக் காட்டியது எங்கள் வீட்டுச் சுவரை அல்ல. என் கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருந்த, இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒரு வீட்டின் சுவரை.

அதுதான் என் தொழில். இன்ஜினியர்கள் கொடுக்கும் பிளானை வாங்கி, அதைக் கம்ப்யூட்டரில் வீடாக எழுப்பி, வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து போவதுபோல் ஒரு சின்னப் படமாகச் செய்து கொடுப்பேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி ஃபிளாட் எங்களுடையது. ஹாலின் ஒரு மூலைதான் என் ஆபீஸ். கணவருக்கு கைலாசபுரத்தில் ஃபாக்டரி வேலை. அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனதும் நான் மூலைக்குப் போய்விடுவேன்.

நர்ஸம்மாவுக்கு மருங்காபுரியில் நிலம். மழையை நம்பிக் கடலை போட்ட காடு. அதில் ரோட்டோரமாக ஒரு துண்டில் தனக்கும் தன் அம்மாவுக்குமாக ஒரு வீடு. லீவு முடிந்து ஃப்ளைட் ஏறுவதற்குள் படத்தைப் பார்த்து அவர் சரி சொன்னால்தான் வேலை தொடங்கும். அப்புறம் அடுத்த லீவு வரை ஊர்ப்பக்கம் வர முடியாது. அதனால் பாதி முடிந்த படத்தையாவது காட்டலாம் என்று வரச் சொல்லியிருந்தேன். அந்தப் பாதிப் படத்தில், வெள்ளைச் சுவரில், மிளகாய்த்தூள் சிந்தினதுபோல் புள்ளிகள். ஒரு நொடி வரும், மறையும், வேறு இடத்தில் வரும்.

"கம்ப்யூட்டர் கோளாறுங்க. சரி பண்ணிடறேன்."

"வீட்டுல இல்லையே?"

"வீட்டுல ஒண்ணும் இல்லைங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறை வாசலில் காபி டம்ளரோடு என் தம்பி நின்றுகொண்டிருந்தான். புள்ளிகளைப் பார்த்ததும் அவன் டம்ளரை அப்படியே கேஸ் மேடையில் வைத்துவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

தம்பி பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அவை நின்றுபோனால் இவனுக்கு போன் வரும், இவன் எழுந்து சரி செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசியில், "சும்மா ஒரு வாரம் இருந்துட்டுப் போறேங்க்கா" என்று ஒரு தோள்பையோடு வந்து இறங்கினான். வாரம் முடிந்தது. அவன் கிளம்பவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு ஆள் கூட இருப்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் அவனால் உட்கார முடியவில்லை. சோபாவில் உட்காருவான், கால் ஆடும். எழுந்து பால்கனிக்குப் போவான். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பான். மிக்ஸி சத்தம் போடுகிறது என்று அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி மாட்டினான். குழாயின் வாஷரை மாற்றினான். வீட்டில் பிரிக்க வேறொன்றும் இல்லாமல் போன நாளில் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் ஒரு காட்சியை ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது எப்பக்கா முடியும்?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆகும்."

"ஒரு அறைக்கா? உன் மிஷின் முழு வேகத்துல ஓடலைக்கா. ஓவர்க்ளாக் பண்ணினா பாதி நேரத்துல முடிச்சிடும்."

கம்பெனி வைத்திருக்கும் வேகத்துக்கு மேலே முடுக்கிவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மிஷினை ஆன் செய்த கையோடு ஒரு பட்டனைத் தட்டினால், பயாஸ் என்று ஒரு திரை வரும். மிஷினின் அடிப்படை அமைப்பெல்லாம் அங்கேதான். அதில், கணக்கையெல்லாம் போடும் ப்ராசஸரின் வேகத்தையும், ரேமின் வேகத்தையும் கூட்டலாம். ரேம் என்பது ப்ராசஸர் வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேடை மாதிரி. என் மிஷினில் நாலு ரேம் குச்சிகள். இரண்டு பழசு, இரண்டு போன வருஷம் சேர்த்தது.

"வேணாம்டா, நல்லா ஓடுறதைத் தொடாதே" என்று ஒரு அக்கா சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அவசரம். நர்ஸம்மாவின் லீவு குறைந்துகொண்டே இருந்தது. "பண்ணு" என்றேன்.

அந்த முதல் இரண்டு நாள் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு படம் முடிந்து அடுத்தது, அடுத்தது என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. ஃபேன்கள் இரைந்த இரைச்சலில் கணவர், "பிளேன் ஏதும் வீட்டுக்குள்ள இறங்குதா?" என்று கேட்டார். தம்பி சாப்பிடும்போதும் தட்டோடு வந்து திரையைப் பார்த்தபடி நின்றான். வந்ததிலிருந்து அவன் முகத்தில் ஒரு தெளிச்சியை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது நாளோ அதற்கு மறுநாளோ மிஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. அப்புறம், மிஷின் விழுந்துவிட்டது என்று சொல்லும் நீலத் திரை. நர்ஸம்மா வந்து புள்ளிகளைக் காட்டியது அதற்குப் பிறகு.

அவர் போனதும் தம்பி சொன்னான்: "சூடுதாங்க்கா."

மே மாதத் திருச்சியில் எதற்கும் அந்த ஒரு காரணம் போதும். குடத்துத் தண்ணீரே கொதிக்கிறது, மிஷின் என்ன செய்யும் என்று நானும் நம்பினேன். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். பெட்ரூம் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் வாய்க்கு நேராக வைத்தோம். தூசியை ஊதினோம். ப்ராசஸர் மேல் தடவும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினான். சூடு குறைந்தது. திரையில் எண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மிஷின் மறுபடியும் விழுந்தது.

"அப்ப ரேம்" என்றான்.

ரேமைச் சோதிக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே மிஷினை எழுப்ப வேண்டும். விண்டோஸ் எல்லாம் வராது. கருந்திரையில் ஒரு சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதினதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றில்லை என்றால் ஒரு சிவப்பு வரி. எல்லாம் சரியாக இருந்தால் முடிய நெடுநேரம் ஆகும். நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மழை வருமா என்று பார்ப்பதுபோல் அந்தக் கருந்திரையைப் பார்த்தோம். சாதம் வடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, சிவப்பு வரி வந்தது. பின்னாலேயே ஒரு கூட்டமாக வந்தது.

"புதுசா வாங்கின ரெண்டுல ஒண்ணு போயிடுச்சு. கன்ஃபர்ம்" என்றான் தம்பி. "இப்பவே கடைக்குப் போகலாம் வா."

"வெயில் தாழப் போகலாம்டா."

"இல்லக்கா. இப்பவே."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டான். குச்சிகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தோம். மலைக்கோட்டை வாசலில் இறங்கி நடந்தபோது தார் ரோடு செருப்பை இழுத்தது. முகூர்த்த சீசன். ஜவுளிக்கடை வாசல்களில் பையும் பிள்ளையுமாகக் குடும்பங்கள் மொய்த்துக் கிடந்தன. தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், என்னைக் காணாமல் திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனான். ஒரு கரும்புச் சாறு வண்டியில் நிறுத்தி ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டான்.

நான் ரேம் வாங்கிய கடை ஒரு சந்துக்குள் மாடியில். கடைக்காரர் ஒரு பாய், என்னை நன்றாகத் தெரியும். "வாங்கம்மா, உட்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, புதிய குச்சிகள் இரண்டையும் தன் மிஷினில் மாட்டிச் சோதனை ஓட விட்டார். சிவப்பு வரவே இல்லை. பழைய இரண்டையும் மாட்டினார். அதிலும் இல்லை.

"ரேம் நாலும் சுத்தமா இருக்கும்மா. இதெல்லாம் மாட்டுற உங்க மதர்போர்டுலதான் பிரச்சினை இருக்கும். போர்டை மாத்திடுங்க."

"நான் நினைச்சேன்" என்றான் தம்பி, அப்படி நினைக்கவே நினைக்காதவன். "உங்ககிட்ட என்ன போர்டு இருக்கு? காட்டுங்க."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "யோசிச்சுட்டு வரோம் பாய்."

பஸ்ஸிலேயே திரும்பினோம். பாலத்தில் ஏறியபோது கீழே காவிரி முழுக்க மணல். நடுவில் ஒரு ஓரமாக மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தம்பி ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்வரை தட்டினான்.

வீட்டுக்கு வந்து நாலு குச்சியையும் மாட்டினோம். அவன் பயாஸ் திரைக்குள் போனான். ரேமுக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டினான். அது பத்தாமல் ப்ராசஸரின் வோல்டேஜையும் கூட்டினான். அது பத்தாமல் வேறு ஏதோ மூன்று எண்களை மாற்றினான்.

"டேய், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. இப்படி எல்லாத்தையும் மாத்தினா எதுனால சரியாச்சு, எதுனால கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அப்படி ஒண்ணு ஒண்ணா மாத்திட்டு உட்கார்ந்திருந்தா தீபாவளி வந்துடும்க்கா."

"வரட்டுமே. நீ தள்ளு."

"உனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

"என் மிஷின்டா இது."

அவன் சேமித்துவிட்டு வெளியேறும் பட்டனைத் தட்டினான். திரை கறுத்தது. ஃபேன்கள் ஓடின, நின்றன, ஓடின, நின்றன. அப்புறம் ஓடிக்கொண்டே இருந்தன. திரையில் ஒன்றுமே வரவில்லை. கர்சர்கூட இல்லை. தம்பி பவர் பட்டனை அழுத்தி அணைத்தான், ஆன் செய்தான். அதே கறுப்பு. மறுபடியும் செய்தான். நாலாவது தடவை செய்யப் போனவன் கையை எடுத்துக்கொண்டான்.

"நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

எனக்கு அவன் பின்னால் ஓட வேண்டும் போலவும் இருந்தது, மிஷினை விட்டு நகர முடியாது போலவும் இருந்தது. கொஞ்ச நேரம் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். அப்புறம் போனில் தேடிப் படித்தேன். போர்டில் வட்டமாக ஒரு வாட்ச் பேட்டரி மாதிரி இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதைக் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்தால் மாற்றியதெல்லாம் அழிந்து மிஷின் பிறந்தபோது இருந்த நிலைக்கு வரும் என்று போட்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். ஹேர்பின்னால் அந்த பேட்டரியை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுதியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு, விசில் வந்து அடங்கியதும் போய் பேட்டரியை மாட்டினேன்.

திரை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மிஷினுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பியைத் தேடிப் போனேன்.

தேட வேண்டியதில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில், கடைசிப் படியையும் தாண்டி மணலில் நின்றுகொண்டிருந்தான். மண்டபத்தில் யாரோ திதி கொடுத்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கால் ஆடியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போன பொங்கலுக்கு வந்தபோது அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் எத்தனை போன் வரும்! எச்சில் கையோடு எழுந்து போய் லேப்டாப்பைத் திறப்பான். இந்தத் தடவை வந்ததிலிருந்து அந்த போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை.

"ஆபீஸ்ல இருந்து யாரும் கூப்பிடறதில்லையா?"

அவன் மணலைப் பார்த்தான்.

"வெளிய அனுப்பிட்டாங்களாடா?"

"இல்லக்கா. நானாத்தான் எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"தூக்கம் வரலை." ஒரு கை மணலை அள்ளிப் படியில் கொட்டினான். "போன் அடிக்கும்னு முழிச்சே கிடப்பேன். அடிக்காத அன்னைக்கும் முழிச்சே கிடப்பேன். குளிக்கும்போது போன் சத்தம் கேக்கும், ஓடி வந்து பார்த்தா அடிச்சிருக்காது. டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை குடுத்தார். மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டா போன் வந்தது தெரியாமப் போயிடுமேன்னு அதையும் போடலை."

"இப்ப?"

"இப்ப போன் இல்ல. ஆனாலும் அடிக்கிற மாதிரியே இருக்கு. ஏதாவது உடைஞ்சு கிடந்து, அதைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. அதனாலதான் உன் மிஷினை..." என்று நிறுத்திவிட்டான்.

ஆறுதலாக எதையாவது சொல்ல வாயெடுத்தால் எல்லாமே டிவியில் கேட்டது மாதிரி இருந்தது. கடைசியில், "மிஷின் எழுந்துடுச்சு" என்றேன்.

"எப்படிக்கா?"

"ஹேர்பின்னால பேட்டரியைக் கழட்டினேன்."

அவன் சத்தமாகச் சிரித்தான். துணி பிழிந்துகொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதேக்கா" என்றான் எழுந்தபடி. அம்மா துறையூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "நானே சொல்றேன்."

மறுநாளிலிருந்து நான் சொன்னபடி நடந்தது. ஒன்றை மாற்றுவது, சோதிப்பது, பார்ப்பது. அவன் தொடைக்குக் கீழே கையை வைத்து உட்கார்ந்துகொண்டான், பட்டனைத் தட்டிவிடாமல் இருக்க. கோளாறு எதில் என்று பிடிக்க ஓவர்க்ளாக்கை மறுபடி போட்டு, பழைய குச்சிகள் இரண்டை மட்டும் மாட்டிச் சோதித்தோம். சிவப்பு இல்லை. புதிய இரண்டை மட்டும் மாட்டினோம். இல்லை. நாலையும் மாட்டினோம். வந்தது. அப்படியானால் குச்சியில் கோளாறு இல்லை. குச்சி மாட்டும் பள்ளங்களா? இரண்டு குச்சிகளை ஒவ்வொரு பள்ளமாக மாற்றி மாற்றி மாட்டினோம். எல்லாப் பள்ளமும் நன்றாக இருந்தது. போர்டை மாற்றச் சொன்ன பாய் சொன்னதும் தப்பு.

இன்னொன்றையும் கவனித்தேன். காலையில் நாலு குச்சியோடும் சோதனை தேறிவிட்டது. வெயில் ஏறினதும் அதே சோதனையில் சிவப்பு வந்தது. இரண்டு நாளும் அப்படியே. காலையில் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று துள்ளியவர்கள் மத்தியானம் தலையில் கை வைத்தோம்.

தம்பிதான் படித்துச் சொன்னான். ரேமோடு பேசுகிற பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறதாம். இரண்டு குச்சியைக் கூடின வேகத்தில் அது சமாளித்துவிடும். நாலை, கூடின வேகத்தில், ப்ராசஸரும் முடுக்கப்பட்டுச் சுட்டுக்கொண்டிருக்கும்போது சமாளிக்க அதனால் முடியவில்லை. எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டதுதான் தப்பு.

"ரெண்டு குச்சியைக் கழட்டிடலாமா?" என்றான்.

"நாலும் இல்லாம அந்த வீடு திறக்காது. மரமும் செடியுமா அவ்வளவு இருக்கு."

"அப்ப வேகத்தைக் குறைக்கணும்."

"குறை."

அவன் சற்று நேரம் பயாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எல்லாவற்றையும் கம்பெனி வைத்த நிலைக்கே திருப்பிவிட்டான். மத்தியான வெயிலில், ஃபேன் வைக்காமல், சோதனை முழுதாக ஓடி முடிந்தது. சிவப்பு இல்லை. நாங்கள் கைதட்டவில்லை. காலையில் ஏமாந்த பழக்கம். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தோம்.

முடிந்தது என்று நினைத்து நர்ஸம்மாவின் வீட்டுக் கோப்பைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று ஒரு கட்டம் வந்தது.

ரேம் தப்பாகப் படித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் நான் அந்தக் கோப்பில் வேலை செய்து, சேமித்து, சேமித்து வைத்திருக்கிறேன். சுவரில் தெரிந்த புள்ளி கண்ணுக்குத் தெரிந்தது. இது தெரியவில்லை. தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த நகலைத் திறந்தேன். திறந்தது. ஆனால் வீட்டின் பின்கட்டு முறுக்கிப் பிழிந்த துணிபோல் கிடந்தது, கிணற்றடி மொத்தமாக இல்லை. நகல் எடுத்ததும் அதே நாட்களில், அதே ரேம் வழியாகத்தானே.

தம்பி முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மறுபடி படித்துறைக்குப் போய்விடுவானோ என்று. அவன் போகவில்லை. "இதுக்கு முன்னால எங்கயாவது அனுப்பினியாக்கா? யாருக்காவது?" என்றான். குரல் நிதானமாக இருந்தது. ஆபீஸில் அவன் இப்படித்தான் பேசுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அனுப்பியிருந்தேன். சுவரும் கூரையும் மட்டும் எழுந்த நிலையில், அவன் ஊருக்கு வருவதற்கு முன்னால், நர்ஸம்மாவின் இன்ஜினியருக்கு மெயிலில். அதை இறக்கித் திறந்தோம். முழுசாக இருந்தது. ஆனால் சமையலறை வெறும் கட்டம். ஜன்னல் இல்லை, படி இல்லை, தோட்டம் இல்லை.

அந்த வீட்டை இரண்டாம் முறை கட்டினோம். நான் வரைந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சேதமான நகலில் ஒழுங்காக இருந்த பகுதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்துக் கொடுத்தான். இந்தக் கதவு நல்லா இருக்கு, இந்தப் படி நல்லா இருக்கு, இந்த மரத்துக்குப் பாதி கிளை இல்லை. கணவர் வேலையிலிருந்து வந்து சமைத்தார். தொடர்ந்து ரசமும் அப்பளமும்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டர் பழைய வேகத்தில், ஆமையாகப் போனது. தோட்டத்தைச் சுற்றி வரும் காட்சி முழுவதையும் வெட்டிவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஒரு பக்கம் படம் வந்துகொண்டிருக்க நான் பால்கனிக்கும் திரைக்குமாக நடப்பேன். எதிர்த்திசையில் தம்பி நடப்பான். ஹால் நடுவில் இடித்துக்கொள்வோம்.

நர்ஸம்மா ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். படத்தைப் போட்டேன். வாசல், ஹால், பூஜையறை, படுக்கையறை. சுவர் வெள்ளையாக இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்குள் போய், ஜன்னல் வழியாகக் கிணற்றடி தெரிவதோடு படம் முடிந்தது.

நர்ஸம்மாவின் அம்மா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சமையக்கட்டு ஜன்னல் சின்னதா இருக்கும்மா" என்றார் நர்ஸம்மாவின் அம்மா. "இன்னும் பெருசா வையி. கெணத்தடிக்கு அந்தப் பக்கம் ரோடும் தெரியணும். நீ வரும்போது நான் பாக்கணும்ல."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "பண்ணலாங்களா?"

"தாராளமா" என்றேன். பின்னால் தம்பி இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினான். அவர்கள் படியிறங்கிப் போனதும் ஜன்னலைப் பெரிதாக்கினோம். அந்த ஒரு சுவரை மட்டும் மறுபடி ரெண்டர் போட்டு, படத்தை அவர் போனுக்கே அனுப்பினோம். ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு சரி என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் ஏதோ ஃப்ளைட்டுக்கு அறிவிப்பு கேட்டது.

அம்மாவிடம் தானே சொல்கிறேன் என்றவன் சொல்லவே இல்லை. ஆனி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, என் கையில் திணித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் வேலையை விட்டதை நான் சொன்னேன். மறுமுனையில் அம்மா திட்டுவாள், அழுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "பேசுறப்ப குரல் வேற மாதிரி இருந்துது. இப்ப ராத்திரி தூங்குறானா?"

"ஒரு நாள் தூங்குறான், ஒரு நாள் இல்லம்மா."

"சரி, அவசரப்படுத்தாதே. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"இல்லம்மா."

கதவைத் தட்டி அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆற்றில் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்குக் கூட்டமும் வந்து போன பிறகு அவன் கோயம்புத்தூருக்குப் போனான். ஒரு சின்னக் கம்பெனி. சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் மறுநாள் காலைவரை யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்களாம். சம்பளம் குறைவு என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் கணவரும் நானும் நின்றோம். பஸ் கிளம்பும்வரை அவன் சீட்டில் உட்காரவில்லை. படியில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கண்டக்டர் உள்ளே போகச் சொன்னதும், "போயிட்டு வரேங்க்கா, வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்து, உடனே எழுந்து பையை மேலே வைத்து, மறுபடி உட்கார்ந்தான்.

வண்டியில் திரும்பும்போது கணவர், "இனி நல்லா இருப்பான்" என்றார். இருக்கலாம். எனக்கு அப்படி உறுதியாகச் சொல்ல வரவில்லை. வாரத்தில் சில நாள் காலையில் அவனுக்கு போன் செய்கிறேன். தூங்கினாயா என்று கேட்பதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். இட்லி என்று சொல்கிற குரலை வைத்து நானாக ஊகித்துக்கொள்கிறேன்.